மறுமொழி: ‘ட்ரான்ஸ்லேஷனல் ஃபெலோஷிப்’ – ‘பயனாக்க நல்கை’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். இந்த இழையை முதல் மடலிலிருந்து ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஆய்வில் கண்டதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வேலைக்காக ஒருவருக்குத் தரும் ‘ட்ரான்ஸ்லேஷனல் ஃபெலோஷிப்’புக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே கேள்வி. இதுவரை வந்திருக்கும் சொற்கள்: வணிகமயமாக்க உதவித்தொகை, ஆய்வு விரிவாக்க நல்கை, பெயர்ப்பாய்வுப் புலமைப்பரிசில், புத்தாக்க மானியம். என் முன்மொழிவு ‘பயனாக்கம்’. அதை அடியாகக் கொண்டு ‘பயனாக்க நல்கை’, அந்த நல்கையைப் பெறுபவர் ‘பயனாக்குநர்’.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் இருக்கும் கார்னெல் டெக் வளாகத்தில் ‘ரன்வே’ என்றொரு திட்டம் நடக்கிறது. முனைவர் பட்டம் முடித்த கையோடு வருகிறவருக்குச் சம்பளம், இடம், வழிகாட்டிகள் எல்லாம் கொடுத்து, அவருடைய ஆய்வைப் புத்தொழிலாக வளர்க்கச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 2014-இல் பிறந்த ‘சைக்ளோட்ரான் ரோடு’ இரண்டு ஆண்டு நல்கை. ஆய்வகத்தின் கருவிகளையே பயன்படுத்தத் திறந்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டின் ‘பயோடிசைன்’ வேறு வழியில் போகிறது. மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்த சிறு குழுக்கள் முதலில் மருத்துவமனையில் நின்று கவனித்துத் தேவைகளைப் பட்டியலிட வேண்டும். கருவியை உருவாக்கும் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றும் வெவ்வேறு வகை. ஆனாலும் கண்டுபிடிப்புக்கும் அது ஒருவர் கைக்குப் போய்ச் சேருவதற்கும் நடுவில் கிடக்கும் வேலைக்கென்றே ஒரு மனிதரை அமர்த்துவது மூன்றிலும் நடக்கிறது. நம் சொல் அந்த நடு வேலையைக் குறிக்க வேண்டும். பணத்தையோ விற்பனையையோ மட்டும் குறித்தால் பாதிதான் சொன்னதாகும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்குப் பெனிசிலினை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஃபிளெமிங் பூஞ்சையைக் கவனித்தது 1928-இல். ஆக்ஸ்ஃபோர்டில் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தது 1940 மே 25-இல். மறுநாள் விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்துவிட்டன, பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன. நடுவில் ஏறத்தாழ 12 ஆண்டுகள். கண்டுபிடிப்பு அச்சாகி எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் இருந்தது. பூஞ்சைச் சாற்றிலிருந்து அந்தப் பொருளைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் வழிதான் கைகூடவில்லை.

அந்த வழியைச் செய்து காட்டியவர் நார்மன் ஹீட்லி. ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினை ஆராய்ந்த ஃப்ளோரி, செயின் இருவரின் குழுவில் இருந்த உயிர்வேதியியலாளர். கோபன்ஹேகன் போவதற்கு ராக்ஃபெல்லர் நல்கை கிடைத்தும், 1939-இல் போர் மூண்டதால் ஆக்ஸ்ஃபோர்டிலேயே தங்கிவிட்டவர். சாற்றை அமிலமாக்கி ஈதருக்குள் பெனிசிலினை இழுத்து, பிறகு சற்றே காரமான நீருக்குள் அதைத் திரும்ப இழுக்கலாம் என்ற யோசனை அவருடையது. பூஞ்சை வளர்க்கப் போதிய பாத்திரம் இல்லாதபோது மருத்துவமனைப் படுக்கைக்கலங்களில் வளர்த்தார்கள். பிறகு அவரே வடிவமைத்த பீங்கான் கலங்கள் வந்தன. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு ஊசி போட்டபோது உடல் தேறிவந்தது. கையிருப்புத் தீர்ந்துபோகவே அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை, மார்ச்சில் அவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். அங்கே பியோரியா நகர ஆய்வகத்தில் மக்காச்சோள ஆலைக் கழிவுநீரை ஊட்டமாகச் சேர்த்த பிறகுதான் விளைச்சல் பெருகியது. 1945 நோபல் பரிசு ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் போனது. ஹீட்லிக்கு 1990-இல் ஆக்ஸ்ஃபோர்டு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது. ஹீட்லி செய்த வேலைக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் அது முன்பே கண்ணில் பட்டிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த இழையில் இத்தனை அக்கறை எனக்கு ஏன் என்றால் இதுதான்.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> ‘வணிகமயமாக்கம்’ என்றால் எல்லோருக்கும் உடனே புரியுமே?

புரியும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டுக் குழு பெனிசிலினுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. செயின் வாங்கச் சொன்னார். மருந்துக்குக் காப்புரிமை வாங்குவது அறமல்ல என்ற கருத்து அங்கே மேலோங்கியது. விற்றுப் பணம் பார்க்கும் எண்ணமே இல்லாமல் செய்த இந்த வேலையை ‘வணிகமயமாக்கம்’ என்ற சொல் வெளியே தள்ளிவிடும். வணிகம் இதன் ஒரு கிளை, அவ்வளவுதான். அந்தக் கிளைக்கு அந்தச் சொல்லே இருக்கட்டும்.

> வேளாண்மையில் ‘விரிவாக்கம்’ ஏற்கெனவே இருக்கிறதே, அதையே நீட்டலாமே?

இதை எழுதிய ஐயா வேளாண் துறையில் பணியாற்றியவர் என்று அறிகிறேன். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. வட்டாரத்துக்கு வட்டாரம் வேளாண் விரிவாக்க மையம் இருக்கும் ஊரில் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. தயக்கம் ஒன்றுதான். சோதித்து முடித்த விதையையும் முறையையும் உழவரிடம் சேர்ப்பது விரிவாக்கம். நாம் பேசும் இடத்தில் பொருள் இன்னும் முடியவில்லை. அது ஆகுமா என்பதே தெரியாது. ஹீட்லியின் கலங்களில் நடந்ததை விரிவாக்கம் என்று சொல்ல நாக்கு வரவில்லை, ஐயா.

‘பெயர்ப்பாய்வு’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கம். இடம்பெயர், மொழிபெயர் என்று நமக்கு நல்ல வழக்கும் உண்டு. ஆனால் தனியாகக் கேட்கும்போது ‘பெயர்’ என்பதுதான் முதலில் காதில் விழுகிறது. ஊர்ப்பெயர் ஆய்வு, மக்கட்பெயர் ஆய்வு என்று ஒரு துறையே இருக்கும்போது குழப்பம் நிச்சயம். ‘மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி’ என்று எந்திர மொழிபெயர்ப்பு தருவதை விட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும்.

‘புத்தாக்கம்’ வேறு வேலையில் ஊன்றிவிட்டது. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் என்று அரசே வைத்திருக்கிறது. அது விளைவின் பெயர். அந்த விளைவுக்குக் கொண்டுசெல்லும் வேலைக்கு இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது.

‘பயனாக்கம்’ என்றால் ‘தனிப்பயனாக்கம்’ குறுக்கே வருமே என்று ஒரு தோழி கேட்டிருந்தார். அந்தச் சொல்லைத் தனிப்பயன் + ஆக்கம் என்றுதான் பிரிக்க வேண்டும்: ஒருவருக்கான தனிப் பயனுக்கு ஏற்ப ஆக்குதல். நம் சொல் பயன் + ஆக்கம்: இருக்கும் அறிவைப் பயனாக ஆக்குதல். ‘ஆக்கம்’ இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது, மோதல் இல்லை.

நல்கையா, மானியமா, புலமைப்பரிசிலா? யாழ்ப்பாண நண்பர்களுக்குப் ‘புலமைப்பரிசில்’ இயல்பு என்பதை மதிக்கிறேன். ஆனால் இலங்கையில் ஐந்தாம் வகுப்புத் தேர்வோடு பிணைந்த சொல் என்பதால் இங்கே பொருந்துமா என்று அவர்களே சொல்ல வேண்டும். திட்டத்துக்குக் கொடுப்பதை மானியம் என்றும், ஆளை நம்பிக் கொடுப்பதை நல்கை என்றும் பிரித்துக்கொண்டால் நல்லது. இந்திய அரசின் பைராக் அமைப்பு உயிரித்தொழில்நுட்ப முயற்சிகளுக்கு 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தரும் ‘பிக்’ என்பது மானியம். ரன்வே போன்றது நல்கை. பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்றும் எழுதுகிறோமே என்றால், ஆம், அங்கே எல்லை மங்கித்தான் இருக்கிறது. இருந்தும் ‘உதவித்தொகை’யில் தொகை மட்டுமே உண்டு. நல்குவதில் இடமும் காலமும் வழிகாட்டியும் அடங்கும்.

ஆளுக்கு வைக்கும் பெயரில்தான் எனக்கும் இழுபறி. ‘பயன்முனைவர்’ என்று ஒரு மடலில் வந்தது. முனைவரையும் தொழில்முனைவோரையும் ஒரே சொல்லில் கட்டும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் பயோடிசைனுக்கு வருபவர் எல்லோரும் முனைவர் இல்லை. பட்டமா பணியா என்ற ஐயம் தீராது. இயக்குநர், பயிற்றுநர் வரிசையில் ‘பயனாக்குநர்’ சரியாக உட்காருகிறது. ‘பயனர்’ பக்கத்தில் வருவதும் எனக்கு உறுத்தவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ‘ஐ-கோர்’ பயிற்சியில் ஒவ்வொரு குழுவும் 100 பேரிடமாவது நேரில் பேசி, தங்கள் பொருள் யாருக்குத் தேவை என்று கேட்டறிய வேண்டும். பயனாக்குநர் பயனரைத் தேடிப் போகும் வேலை அது. இரண்டு சொற்களும் அருகருகே நிற்கட்டும்.

கிளைப்பேச்சாக ஒன்று. ஆய்வுப் பணமும் தீர்ந்து, முதலீடும் வராத நடுக்கட்டத்தை ஆங்கிலத்தில் சாவுப் பள்ளத்தாக்கு என்பார்கள். நமக்குப் ‘பாழ்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘நடுப்பாழ்’ எனலாமா? இதற்குத் தனி இழை தொடங்கினாலும் நல்லது.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“பல்கலைக்கழகம் இவ்வாண்டு முதல் இரண்டு ஆண்டுப் பயனாக்க நல்கை வழங்குகிறது.”

“நீரைத் தூய்மையாக்கும் சவ்வைப் பயனாக்கும் பணியில் இரண்டு பயனாக்குநர்கள் ஈடுபட்டுள்ளனர்.”

“இது அடிப்படை ஆய்வு அல்ல, பயனாக்க ஆய்வு.”

மூன்றாவது வாக்கியத்தில் ‘பயன்பாட்டு ஆய்வு’ என்பதோடு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறதா என்பதில் மட்டும் உங்கள் கருத்து எனக்கு அவசியம் வேண்டும். மருத்துவத் துறையினர் யாரேனும் உங்கள் கட்டுரை வாக்கியம் ஒன்றில் இதைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். மறுப்பு இல்லாத சொற்களை மட்டும் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
நெல்லையிலிருந்து