மூடி போட்டதும் இடம் மாறிய ஃபில்டர்

வியாசர்பாடியில் எருக்கஞ்சேரி ஹைரோடு பக்கம் ஒரு சின்ன யூனிட். அங்கேதான் முதன்முதலில் செராமிக் ஃபில்டரை ட்யூன் செய்யக் கற்றுக்கொண்டேன். வெள்ளி பூசிய நாலு செராமிக் கட்டைகள் வரிசையாக நிற்கும், மேலே தகர மூடி. 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிக்னலைக் கடந்துபோக விட்டு மற்றதைத் தடுக்க வேண்டும்.

முதல் வாரம் மூடி இல்லாமலே ட்யூன் செய்தேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் போகிறது, திரும்புகிறது என்று கோடாக வரைந்து காட்டும் அனலைசர் திரையில் கர்வ் அவ்வளவு அழகாக வந்தது. ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபல், அதாவது அனுப்பிய பவரில் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. சந்தோஷமாக மூடியைப் பற்றவைத்தேன். மொத்த கர்வும் இடது பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண்ணுக்கு, நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றல்ல, பன்னிரண்டு பீஸ். அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை.

டெஸ்ட் பெஞ்சில் இருந்த அக்கா திட்டவில்லை. மூடி இல்லாத பீஸ் ஒன்றை மாட்டிவிட்டு, "உள்ளங்கையைக் கிட்ட கொண்டா, தொடாத" என்றார். கட்டையின் திறந்த முகத்தை, அதாவது வெள்ளி முழுதாக மூடாத முனையை, கை நெருங்க நெருங்க, திரையில் கர்வ் இடது பக்கம் ஊர்ந்தது. எடுத்தால் பழைய இடத்துக்கே வந்தது. "கைக்கே இப்படின்னா தகரத்துக்கு?"

அந்தத் திறந்த முனையில் மின்புலம் உச்சத்தில் இருக்கும். பக்கத்தில் உலோகம் வந்தால் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கூடும், அதிர்வெண் இறங்கும். அப்புறம் துளை போட்ட மூடியை வைத்து, துளை வழியாகவே சுரண்டப் பழகினேன்.

சுரண்டுவது என்றால் வைர முனை வைத்த சின்ன கிரைண்டரால் வெள்ளியைத் தொட்டு எடுப்பது. திறந்த முனையில் எடுத்தால் அதிர்வெண் ஏறும். வெள்ளி முழுதாக மூடிய எதிர் முனைப் பக்கம் எடுத்தால் கரண்ட் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அதனால் இறங்கும். எடுத்த வெள்ளியைத் திரும்ப ஒட்டி அதே தரத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் கட்டை கொஞ்சம் கீழே ட்யூன் ஆகி வருவதுதான் நல்லது. பொறுமையாக மேலே ஏற்றலாம். கட்டையின் நீளம் அதனுள் ஓடும் அலையின் நீளத்தில் கால் பங்கு. மின்காப்பு மாறிலி (கூடக்கூட உள்ளே அலை சுருங்கும்) 38 உள்ள கட்டை 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 13.5 மி.மீ. நீளம்தான். அதில் 0.1 மி.மீ. குறைந்தாலே அதிர்வெண் 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறிவிடும். சுரண்டிய சூட்டோடு அளக்கவும் கூடாது, ஆறட்டும்.

இதைப் படித்த ஒரு தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து:

எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா. நான் பார்த்தது உள்ளே கடத்தியே இல்லாத, உலோகப் பெட்டிக்குள் வட்ட செராமிக் வில்லை வைத்த பெரிய கேவிட்டி ஃபில்டர். மேலிருந்து ட்யூனிங் தட்டை இறக்கினால் அதிர்வெண் ஏறியது. அனலைசர்தான் கெட்டுவிட்டது என்று கேபிளெல்லாம் மாற்றி, காலிப்ரேஷனை (கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவதை) மூன்று முறை செய்தேன். அந்த வில்லையைச் சுற்றி வெளியே நிற்பது பெரும்பாலும் காந்தப்புலம். தட்டு அதை அமுக்கினால் அதிர்வெண் மேலேதான் போகும் என்று பிறகுதான் புரிந்தது. மூடிக்குக் கீழே எந்தப் புலம் நிற்கிறது என்று பார்க்காமல் இப்போதெல்லாம் ஸ்க்ரூவில் கை வைப்பதில்லை.

என் பதில், வியாசர்பாடியிலிருந்து:

சரியான விஷயம் தம்பி. இன்னொன்றும் பார்: ட்யூன் முடிந்ததும் மூடியை விரலால் லேசாகத் தட்டு. கர்வ் நடுங்கினால் எங்கோ பற்றவைத்த ஒரு இடம் சரியாகப் பிடிக்கவில்லை. அதைத் திரும்பப் பற்றவைத்துவிட்டு முதலிலிருந்து அளந்துவிடு.