செர்ன்ல நடராஜர் சிலை: அறிவியல் ஒத்துக்கிச்சா?

தில்லைவாசன்:
குடும்ப குரூப்ல வந்த ஃபார்வர்டு, படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு. ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வுக்கூடம், பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு பாக்க 27 கி.மீ. சுரங்கத்துல புரோட்டானை மோதவிடுறாங்களே, அந்த வளாகத்துல 2 மீட்டர் உயரத்துக்கு நம்ம நடராஜர் நிக்குறார். சிதம்பரத்துல அவர் கால் கட்டைவிரல் இருக்குற இடம்தான் பூமியோட காந்த நடுக்கோட்டுக்கு மையமாம். காளஹஸ்தி, காஞ்சி, சிதம்பரம் மூணும் ஒரே தீர்க்கரேகை, 79.7 டிகிரி. சேட்டிலைட் இல்லாத காலத்துல எப்படிய்யா கண்டுபிடிச்சான்? பகுத்தறிவு பேசுறவங்க பதில் சொல்லுங்க.

வால்நட்சத்திரம்:
அந்த சிலை செர்ன்காரன் சாமி கும்பிட வச்சது இல்லங்க, 2004ல இந்திய அரசு பரிசா கொடுத்தது. கல்யாணத்துல குத்துவிளக்கு கிஃப்ட் வந்தா மாப்பிள்ளை வீடு மதம் மாறிடுச்சுன்னா அர்த்தம்? அப்புறம் காந்த நடுக்கோடுன்றது காந்த ஊசி மேலயும் கீழயும் சாயாம மட்டமா நிக்குற இடங்களைச் சேர்த்து உலகத்தையே சுத்தி வர்ற கோடு, அதுக்கு ஏது மையம்? இந்தியால அது தென்கோடில போகுது, 1963ல முதல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துல தும்பாவை பிடிச்சதே அதுக்காகத்தான், சிதம்பரம் அதுக்கு எவ்வளவோ வடக்க இருக்கு. அந்தக் கோடு வேற கொஞ்சம் கொஞ்சமா நகருது, விரலும் கூடவே நகருதா?

தீர்க்கரேகை கிட்டத்தட்ட சரிதான், அதை மறுக்கல. ஆனா பஞ்சபூத தலம் அஞ்சாச்சே, திருவண்ணாமலை 79.1, திருவானைக்கா 78.7. நெருப்பையும் தண்ணியையும் எங்க விட்டீங்க?

தில்லைவாசன்:
குறை சொல்லன்னே வருவீங்களே. பிரம்மாவோட ஒரு பகல் 432 கோடி வருஷம், பூமிக்கு வயசு 454 கோடின்னு சயின்ஸ் இப்பதான் சொல்லுது. இவ்ளோ கிட்ட வேற எவன் சொன்னான்? சரி, பிரபஞ்சம் தொடங்குச்சுன்றீங்களே அந்த பிக் பேங், பெருவெடிப்பு, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, அதை சொல்லுங்க பாப்போம்.

வால்நட்சத்திரம்:
பிரபஞ்சத்துக்கு வயசு 1380 கோடி, அது உங்க கணக்குல எங்க வருது? பொருந்துறதை எடுத்துகிட்டு பொருந்தாததை விட்டா எதையும் எதோடவும் பொருத்தலாம்.

முன்னாடி என்னன்னு கேட்டா தெரியாது, அவ்ளோதான். ஆனா தெரிஞ்சது எப்படி தெரிஞ்சுதுன்னு பாருங்க, 1964ல நியூஜெர்சில பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர், அவங்க ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே இரைச்சல், உள்ள கூடு கட்டியிருந்த புறாவைத் துரத்தி அதோட எச்சத்தை எல்லாம் சுரண்டிக் கழுவியும் இரைச்சல் போகல, கடைசில பாத்தா அது பிரபஞ்சம் பொறந்தப்ப இருந்த சூட்டோட மிச்சம், இப்ப 3 கெல்வினுக்கும் கொஞ்சம் கம்மி, அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் கிட்ட. பிரபஞ்சம் என்னைக்கும் இப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டிருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹாயிலோட கொள்கை அதோட படுத்துடுச்சு. பிக் பேங்னு பேர் வச்சதே அவர்தான், 1949ல ரேடியோல. இப்ப நான் கேக்குறேன், எதைக் கண்டுபிடிச்சா உங்க நடராஜர் தத்துவம் தப்புன்னு ஒத்துப்பீங்க?

கொள்ளிடத்தான்:
தில்லை அண்ணே, ஆனித் திருமஞ்சனத்துக்கு வடம் பிடிக்கிறவன் நான், ஆனா இங்க எனக்கு கடுப்பாகுறது உங்க போஸ்ட் மேலதான். பிக் பேங்குக்கு முதல்ல அடி போட்டவர்ல ஒருத்தர் லெமேத்ர், பெல்ஜியத்து கத்தோலிக்க பாதிரியார், பிரபஞ்சம் விரியுதுன்னு 1927லயே எழுதிட்டார். 1951ல போப் 12ஆம் பயஸ், பாத்தியா, விஞ்ஞானமே நம்ம படைப்பை நிரூபிச்சிருச்சுன்ற தொனில பேசிட்டார். சந்தோஷப்பட வேண்டிய பாதிரியார் சங்கடப்பட்டார், இதையும் அதையும் சேர்த்துக் கட்டாதீங்கன்றதுதான் அவர் கட்சி. நாளைக்கு கொள்கை மாறினா சாமியும் சேர்ந்து மாறணுமா? நீங்க செர்ன்ல சர்டிபிகேட் வாங்குறது இருக்கே, அது பக்தி இல்ல, தாழ்வு மனப்பான்மை.

வால் தம்பி, எதைக் கண்டுபிடிச்சாலும் நான் விடமாட்டேன். சிதம்பர ரகசியம் பாத்திருக்கீங்களா? தீட்சிதர் திரையை விலக்கி தீபாராதனை காட்டுவார், உள்ள உருவம் கிடையாது, தங்க வில்வ மாலை தொங்கும், பின்னாடி வெறும் இடம். அதைப் பாத்து கை கூப்புறவன்கிட்ட ஆதாரம் கேக்குறதே சம்பந்தமில்லாத கேள்வி.

வால்நட்சத்திரம்:
லெமேத்ர் விஷயம் ஓகே. ஆனா ஒண்ணுமில்லன்னா எதுக்கு திரை, எதுக்கு ரகசியம், எதுக்கு உள்ள போக யாருக்கு அனுமதின்னு அத்தனை சண்டை? எங்க இரைச்சலை எவன் வேணா ஆண்டெனா வச்சு கேக்கலாம், பொறப்பு பாக்காது. எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்றதை பெருமையா வேற சொல்றீங்க, எனக்கு அதுதான் பயமே.

கொள்ளிடத்தான்:
அனுமதி சண்டைல நான் உங்க பக்கம்தான், அது மனுஷன் போட்ட பூட்டு. ஆனா மாணிக்கவாசகர் நூத்தியொரு கோடிக்கும் மேல அண்டங்களை, வீட்டுக்குள்ள நுழையுற வெயில்ல பறக்குற தூசி மாதிரின்னு பாடுறாரே, அவர் எண்ணிப் பாத்து சொல்லல, அண்ணாந்து பாத்து மலைச்சுப் போய் சொல்றார். அந்த மலைப்பு உங்க டெலஸ்கோப்காரனுக்கும் வரும். வந்தப்புறம் அவன் அளக்குறான், நான் கும்பிடுறேன்.

வால்நட்சத்திரம்:
கும்பிடுங்க, யார் வேணாம்னது. அளந்தவன் சொல்றதைத் திரிச்சு ஃபார்வர்டு போடாம இருந்தா போதும்.

தில்லைவாசன்:
ரெண்டு பேரும் சேர்ந்து என்னையே அடிக்கிறீங்க. கட்டைவிரல் வேணா சந்தேகம்னு வச்சுக்கலாம், தீர்க்கரேகையை மட்டும் எடுக்க மாட்டேன், இவரே சரின்னுட்டார்.

வால்நட்சத்திரம்:
எடுக்க வேணாம், கீழ அண்ணாமலையையும் ஆனைக்காவையும் டிகிரியோட சேர்த்துப் போடுங்க.