செவ்வாய்பேட்டை வீடு (குடும்பக் குழு)

பிரியா: அப்பாவால இன்னும் மவுஸ் புடிக்க முடியல. வலது கை சொன்ன பேச்சு கேக்கல. 20ஆம் தேதி ஜிஎஸ்டி போடணும். யாராவது சாயங்காலம் பட்டறைக்குப் போறீங்களா?

முருகேசு சித்தப்பா: ஆடிட்டர்ட்ட குடுத்துருங்க

பெரியம்மா: குடுப்பாரா? கொலுசுக் கணக்கை இதுவரைக்கும் யார் கையிலயும் குடுத்ததில்ல

சுமதி அத்தை: அதானே பிரச்சனையே 😊

முருகேசு சித்தப்பா: சுமதி ஆரம்பிக்காத

கார்த்தி: நேத்து பெரியப்பா பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். ஸ்கிரீன்ல அம்பை நகத்திக் கொண்டுபோற வரைக்கும் பரவால்ல. விரலை அழுத்துறப்பதான் கையோட மவுஸும் சேந்து நகருது, அம்பு பட்டனைத் தாண்டிப் போயிடுது. டபுள் கிளிக் சுத்தமா வரல. ரெண்டாவது தட்டுக்குள்ள ஐகானையே இழுத்து வேற மூலையில போட்டுடறாரு. இதுக்கு டிராக்பால்னு ஒண்ணு வருது. மவுஸ் ஒரே இடத்துல இருக்கும், மேல இருக்கிற உருண்டையை மட்டும் உருட்டணும். பட்டன் தனி. அழுத்தினா அம்பு அசையாது

சுமதி அத்தை: உருண்டையா

முருகேசு சித்தப்பா: எவ்ளோ

பெரியம்மா: கம்ப்யூட்டர் வாங்கறப்பவும் பாதி தர்றேன்னீங்க தம்பி

சுமதி அத்தை: 😂😂

கார்த்தி: அதுக்கு முன்னாடி காசில்லாத வழி ஒண்ணு இருக்கு. விண்டோஸ்லயே மவுஸ் கீஸ்னு இருக்கு, மவுஸுக்குப் பதிலா கீபோர்டாலயே அம்பை நகத்தலாம். இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூணையும் சேத்து அமுக்குங்க, கேக்கும், யெஸ் குடுங்க. அப்புறம் நம்பர் பேட்ல 8 மேல, 2 கீழ, 4 இடது, 6 வலது. 5 கிளிக். + டபுள் கிளிக். இழுக்கணும்னா 0 புடிச்சுக்கும், புள்ளி விட்டுடும். விரலை எடுத்தா அம்பு அங்கயே நிக்கும்

பிரியா: மூணையும் சேத்தா? ஒத்தக் கையிலயா?

கார்த்தி: ஐயோ ஆமா. சரி, செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டில போய் நானே ஆன் பண்ணி வெச்சுடறேன்

சுமதி அத்தை: கோட்டை மாரியம்மனுக்கு இந்த ஆடிக்கு எந்தக் கிழமை பொங்கல்? போன வருசம் என்னை மட்டும் சொல்லாம விட்டீங்க

பெரியம்மா: சொன்னோம் சுமதி. நீதான் போன் எடுக்கல

பெரியப்பா: கணக்கு எழுதுற டேலிக்கு மவுஸ் வேணாம் அந்த கவர்மெண்ட் சைட்டுக்குத்தான் வேணும்

பெரியப்பா: நம்பர் பேட்ல அம்பு ஓடினா எடையை எங்கடா போடறது

கார்த்தி: நம்லாக்கைத் தட்டினா நம்பர், இன்னொரு தட்டுல அம்பு. அப்படி செட் பண்ணித் தர்றேன் பெரியப்பா. தனி நம்பர் பேட் வாங்கினா இடது பக்கமே வெச்சுக்கலாம்

முருகேசு சித்தப்பா: பேசாம மவுஸையே இடது கைக்கு மாத்து

கார்த்தி: மாத்தலாம் சித்தப்பா, பட்டனையும் இடம் மாத்திப் போடலாம். ஆனா பழகணும். 20க்குள்ள வராது

பிரியா: அப்ப டிராக்பால் வாங்கறதா வேணாமா?

முருகேசு சித்தப்பா: பாப்போம்

பிரியா: இன்னிக்கு யார் போறீங்க?

சுமதி அத்தை: தட்டுவடை செட்டு வாங்கித் தந்தா நானும் வர்றேன்

கார்த்தி: நான் 6 மணிக்கு மேல முயற்சி பண்றேன்

பெரியப்பா: செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொல்லு. போன தடவ பட்டறை வெள்ளித் தூளெல்லாம் அவன் செருப்புலதான் போச்சு