தல்லிகி வந்தனம் (பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஆந்திர அரசு தரும் உதவித்தொகை): சின்னவனுக்குப் பணம் வரவில்லை

நகரியிலிருந்து:
மூத்தவள் எட்டாவது, சின்னவன் மூன்றாவது. என் கணக்கில் 13,000 ரூபாய் மட்டும் விழுந்திருக்கிறது. முந்தைய ஆட்சியின் அம்மா ஒடி திட்டக் காலத்தில்தான் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும். இப்போது படிக்கிற எல்லாருக்கும் என்றார்களே? விசைத்தறி சரியாக ஓடாத மாதம் இது. இந்தப் பணத்தை நம்பித்தான் நோட்டுக்கடையில் கடன் சொல்லியிருக்கிறேன்.

புத்தூர்க்காரர்:
அக்கா, பிள்ளைக்கு 15,000. அதில் 2,000 பள்ளிப் பராமரிப்புக்குப் போய்விடும். சின்னவனுக்கு வருகை 75 சதவீதம் இருக்கிறதா?

சித்தூரிலிருந்து:
மாதம் 300 யூனிட் மின்சாரம் தாண்டினாலும் நிறுத்துவார்கள். ஆனால் அப்படியென்றால் மூத்தவளுக்கும் வந்திருக்காது. சச்சிவாலயத்தில், அதாவது உங்கள் வார்டு அரசு அலுவலகத்தில், ரேஷன் அட்டை, ஆதார் இரண்டிலும் பையன் விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகரியிலிருந்து:
வருகை நன்றாகவே இருக்கிறது தம்பி. சரி, அட்டையோடு போகிறேன். திருத்தணியில் என் தங்கச்சிக்கு உரிமைத்தொகை 1,000 மாதாமாதம் விழுகிறது. எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் பாதி!