1942-லேயே சம ஊதிய உத்தரவு வந்தும் பெண்களுக்குக் கூலி ஏன் ஏறவில்லை?

வைகறை:
இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கா. போர்த் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்க 1941-இல் அதிபர் உத்தரவு 8802, பெண்களின் சம ஊதியத்துக்கு 1942-இல் இன்னொன்று. இரண்டும் இருந்தும் பலன் இவ்வளவு குறைவாக இருந்தது எப்படி?

தறிநாடா:
வாசகத்தைக் கவனியுங்கள். 1942 அக்டோபரில் கூலியை உறைய வைத்தார்கள். போர்க்காலத் தொழிலாளர் வாரியம் ஒப்பாமல் ஏற்ற முடியாது. நவம்பரில் வந்த பொது உத்தரவு 16 பெண்களுக்காக அந்தத் தடையை விலக்கியது, அவ்வளவுதான். முதலாளி ஏற்றித் தரலாம் என்றது; தந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அதுவும் ஆண்கள் செய்வதற்கு இணையான தரமும் அளவும் உள்ள வேலைக்கு மட்டும். ஓட்டை அங்கேதான். எந்திரத்தைச் சரிபார்த்துப் பூட்டிக் கொடுக்க ஆண் தொழிலாளி ஒருவரை வைத்துவிட்டு, ஓட்டுவதை மட்டும் பெண்ணிடம் கொடுத்தால் அது ‘இலகு வேலை’ ஆகிவிடும். பெயர் வேறு, கூலியும் வேறு. இதை வேலைவாரியாக ஒப்பிட்டு வாதாட வலுவான சங்கம் வேண்டும்.

கப்பல்துறை:
8802-இன் கதையும் அதுதான். கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டன் பேரணிக்கு நாள் குறித்த பிறகே அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அமைத்த குழு விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது.

மேற்குக் கரைக் கப்பல் தளங்களில் கொதிகலன் தொழிலாளர் சங்கத்தில் சேராதவருக்கு வேலை இல்லை. கறுப்பினத்தவரை அந்தச் சங்கம் ‘துணைக் கிளை’யில் தள்ளியது: சந்தா உண்டு, தாய்ச் சங்கத்தில் ஓட்டு இல்லை, காப்பீட்டுத் தொகையும் குறைவு. சந்தா கட்ட மறுத்தால் வேலை போகும். மரின்ஷிப் கப்பல் தளத்தின் கறுப்பினத் தொழிலாளி ஜோசஃப் ஜேம்ஸ் வழக்குப் போட்டு, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வென்றது 1944 டிசம்பரில். போரே முடியும் தறுவாய்.

அரசு கண்டிப்புக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு பிலடெல்பியா. 1944 ஆகஸ்டில் எட்டுக் கறுப்பினத்தவரை டிராம் ஓட்டும் பயிற்சிக்கு எடுத்ததற்கே வெள்ளை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் இறங்கியது. திரும்பாதவருக்கு வேலையும் போகும், கட்டாயப் படைச்சேவை விலக்கும் போகும் என்றதும் ஒரு வாரத்துக்குள் டிராம்கள் ஓடின.

வைகறை:
நன்றி. கைக்குழந்தைக்காரிகள் எப்படி வேலைக்குப் போனார்கள்?

தறிநாடா:
பெரும்பாலும் பாட்டியும் அக்கம்பக்கமும்தான். போர்ட்லாந்தில் கைசர் கப்பல் தளங்களின் வாசலிலேயே 1943-இல் காப்பகம் திறந்தார்கள்: 18 மாதம் முதல் 6 வயது வரை, இரவு ஷிப்டுக்கும் உண்டு. வேலை முடிந்த தாய் குழந்தையோடு சமைத்த சாப்பாட்டையும் வாங்கிப் போகலாம். 1945-இல் கப்பல் ஆர்டர் வற்றியதும் மூடிவிட்டார்கள்.

ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே. பெண்களும் கறுப்பினத்தவரும் பெரும்பாலும் 1942-க்குப் பிறகு சேர்ந்தவர்கள். பணிமூப்பு விதியையும் சேர்த்துப் படியுங்கள்.