புதுப்பிப்பு: 181-க்குப் பேசிவிட்டேன்

போன மாதம் எழுதியிருந்தேன்: டெல்லி முனிர்காவில் குடியிருக்கிறோம், கணவர் கை நீட்டுகிறார், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தால் உடனே போலீஸ் வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயம், என் இந்தியும் அரைகுறை என்று. தைரியம் சொன்ன அத்தனை அக்காக்களுக்கும் நன்றி.

செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழைத்தேன். ஈரத்துணி வாளி பக்கத்திலேயே இருந்தது. யாராவது வந்தால் துணியை உதற ஆரம்பித்துவிடலாம். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இப்போது பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். அழுகையில் பாதி தமிழாகவே வந்தது. அவர் அவசரப்படுத்தவே இல்லை.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் என்னை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாதாம். ஏழு வருடமாக "கிளம்பு, இது என் வீடு" என்று கேட்டுக் கேட்டே வாழ்ந்தவள் நான். அந்த ஒரு வரிக்காகவே அழைத்திருக்கலாம். இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் போனால் அவரே அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். போலீஸ் புகார் கொடுப்பதா என்பது என் முடிவு என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் அவசர எண் 112-ஐ அழைக்கச் சொன்னார்.

பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் எண்ணை அழித்துவிட்டேன். அதைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

சரி, அடுத்து சகி மையம், அதாவது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசு மையம். ஆதார், கல்யாண போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாம் மகளின் பழைய பள்ளிப் பைக்குள் இருக்கின்றன. மாடி வீட்டு மதுரை அக்கா கூட வருகிறேன் என்றிருக்கிறார்.