வோல்டேஜும் ஆம்பும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த அனுபவம் யாருக்கு இருக்கிறது?

ஹீட்டர் சர்வீஸ், கோபி:

வோல்டேஜை ஆம்பால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். ஐ.டி.ஐ.யில் இதைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள்கூட வேலைக்குப் போன இடத்தில் கணக்குப் பக்கமே போவதில்லை. நேராகப் பொருளை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

போன மார்கழியில் ஒரு வீடு, ஊருக்குக் கடைசியில். "1500 வாட் ராடு, புதுசு தம்பி. கால் மணி நேரம் போட்டும் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார் அந்த அக்கா. கடைக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு பின்களுக்கு நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். 35 ஓம். வீட்டு லைனில் வர வேண்டியது 230 வோல்ட்; 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தாலும் 35 சொச்சம்தான் வரும். ஆக, ராடு மேல் குற்றம் இல்லை. சாக்கெட்டில் பார்த்தால் 190 வோல்ட். ராடை வாளியில் போட்டு சுவிட்சைத் தட்டியதும் 178-க்கு இறங்கியது. கிளாம்ப் மீட்டர் 5 ஆம்ப் காட்டியது. (மூன்று ஒயரும் சேர்ந்த கார்டை அப்படியே கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். ஃபேஸ் ஒயரைத் தனியாகக் கவ்வ வேண்டும்.)

178-ஐ 5-ஆல் பெருக்கினால் 890 வாட். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 1500 வாட்டில் 14 நிமிடம் போதும். 890-இல் கிட்டத்தட்ட 24 நிமிடம் ஆகும். அக்கா சொன்ன புகார் சரிதான், ஆள்தான் மாறிப்போனார்.

எனக்கு உறுத்தியது அந்த 12 வோல்ட் இறக்கம். 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4 ஓம். இரண்டு அறை வீட்டுக்கு இவ்வளவு தடை எங்கிருந்து வரும்? மெயின் சுவிட்சை இறக்கி, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு திறந்தேன். நியூட்ரல் திருகு ஆடிக்கொண்டிருந்தது. ஒயரின் தோல் பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல உதிர்ந்தது. கருகிய முனையை நறுக்கி, புதிதாகத் தோல் உரித்து முறுக்கியதும் ராடு ஓடும்போது 187 நின்றது. வாட் 990.

அதாவது அந்த ஒரு திருகில் மட்டும் 9 வோல்ட், 5 ஆம்ப்: 45 வாட் சூடு. நான் பையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! மீதி 40 வோல்ட் குறைவது லைனில். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இயற்பியல் ஆசிரியை:

அண்ணா, ராடை ஆறியிருக்கும்போது அளந்தாலும் கணக்கு ஒத்துப்போனதற்குக் காரணம் அதன் கம்பி நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) என்பது. சூடானாலும் தடை சொற்பமாகத்தான் ஏறும். இதே வேலையைக் குண்டு பல்பில் செய்தால் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். 100 வாட் பல்புக்குக் கணக்கில் 529 ஓம். மீட்டர் வைத்தால் 40-ஐ ஒட்டிக் காட்டும். "மிஸ், ஓம் விதி பொய்யா?" என்று ஒருவன் கேட்டேவிட்டான். எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரியை நெருங்குகிறது, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் பாய்வது 0.43 ஆம்ப் அல்ல, 5 ஆம்புக்கும் மேல். பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பியூஸ் ஆவது இதனால்தான் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பல்புக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் அன்றைக்கு அவ்வளவுதான்.

போர்வெல் தோட்டம்:

ராடுக்குச் சரி. மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டுவிடாதீர்கள். என் 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிளுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி 230 வோல்ட், 7.5 ஆம்ப் காட்டும். பெருக்கினால் 1725. ஆனால் வேறெதுவும் ஓடாதபோது அரை மணி நேரத்தில் மீட்டரில் ஏறுவது 0.7 யூனிட், அதாவது 1400 வாட். வித்தியாசம் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வருவதில் உண்மையாகச் செலவாகும் வாட்டின் பங்கு. வைண்டிங்கில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டும். அதைக் கொண்டு 230-ஐ வகுத்துப் பார்த்துவிட்டு வைண்டிங் ஷார்ட் என்று தீர்ப்புச் சொன்ன ஆளையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வோல்டேஜ் இறங்கினால் ராடு ஆம்பைக் குறைக்கும், லோடில் ஓடும் மோட்டாரோ கூட்டும். 180-க்குப் போனால் என்னுடையது 9.5 இழுக்கிறது. வைண்டிங் சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 1.6 மடங்கு. ஓவர்லோடு ரிலே (ஆம்ப் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) சாயங்காலத்தில் மட்டும் ஏன் ட்ரிப் ஆகிறது என்று கேட்பவர்கள் முதலில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்.

ஹீட்டர் சர்வீஸ், கோபி:

டீச்சர், அந்தப் பையனை என்னிடம் அனுப்புங்கள், வேலைக்கு ஆள் வேண்டும்.

தோட்டத்து அண்ணே, உங்கள் கேபிளையும் அப்படியே பாருங்கள். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு) காப்பர் ஒயர் கிலோமீட்டருக்கு 7.4 ஓம் அளவில் வரும். பெட்டியிலிருந்து மோட்டார் 100 மீட்டர் என்றால் போக வர 200 மீட்டர், ஒன்றரை ஓம். 7.5 ஆம்ப் ஓடும்போது 11 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். ஸ்டார்ட்டரில் 180 காட்டும் நேரத்தில் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 166 பக்கம்தான். அடுத்த முறை மோட்டாரை மேலே தூக்கும்போது 4 ஸ்கொயர் போட்டுவிடுங்கள்.